கொள்ளைநோய்ச் சட்டமும் தில்லி அரசும்: 1918ஆம் ஆண்டின் இன்புளூயன்சாவை முன்வைத்து

முன்னுரை

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயை உலகளாவிய பெருந்தொற்று என அறிவித்தது. அதே நாளில் தில்லியில் நடுவண் அமைச்சரவைச் செயலர் தலைமையில் கூடிய கூட்டம், மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தின் 2ஆம் பிரிவைக் கைக்கொள்ள வேண்டும் என அறிவுறுத்த முடிவு செய்தது. நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரில் நோய்த்தடுப்பின் முதற்கருவியாகக் கையில் எடுக்கப்பட்டது.

இச்சட்டம் அரசுக்கு அதிகாரத்தை அளித்தது. கடமை எதனையும் சுமத்தவில்லை. இக்குறைபாடு வெறும் சட்ட வரைவுக் குறைபாடன்று என்பதையும், 1918ஆம் ஆண்டில் தில்லியைத் தலைநகராகக் கொண்டிருந்த பிரித்தானிய இந்திய அரசு இன்புளூயன்சாவை எதிர்கொண்ட முறையில் அதன் விளைவு வெளிப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பெருந்தொற்று’ என்னும் சொல் 2020க்குப் பின்னரே மக்கள் வழக்கில் பரவியது. அதற்கு முன் பிளேக், வாந்திபேதி, இன்புளூயன்சா ஆகிய அனைத்தையும் குறிக்கக் ‘கொள்ளைநோய்’ என்பதே தமிழில் பயின்று வந்தது. ஆதலின் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்பெறுகிறது.

சட்டத்தின் தோற்றம்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. ஐரோப்பியத் துறைமுகங்கள் இந்தியக் கப்பல்களை ஐயத்துடன் நோக்கத் தொடங்கின. வாணிகம் முடங்கும் என்ற அச்சமும், வெனிசு நகரில் கூடவிருந்த பன்னாட்டுச் சுகாதார மாநாட்டின் நெருக்குதலும் ஆட்சியாளரை விரைவுபடுத்தின. 1897 பிப்ரவரி 4ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அது மிகச் சுருக்கமான சட்டம், நான்கே பிரிவுகள். முதற்பிரிவு பெயரையும் எல்லையையும் கூறுகிறது. இரண்டாம் பிரிவு, ஆபத்தான கொள்ளைநோய் தோன்றிப் பொதுச்சட்டங்கள் போதாவிடத்து, எத்தகைய தற்காலிக விதிகளையும் வகுக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆளுநரின் அவைக்கு அளித்தது. அவ்வதிகாரத்தை மாகாண அரசுகளிடம் ஒப்படைக்கவும் இடமிருந்தது. மூன்றாம் பிரிவு, விதிகளை மீறுவோர் இந்தியத் தண்டனைத் தொகுப்பின் 188ஆம் பிரிவின்கீழ்க் குற்றமிழைத்தோர் ஆவர் என்கிறது. நான்காம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செயற்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடுக்கலாகாது எனக் காப்பளிக்கிறது. ‘ஆபத்தான கொள்ளைநோய்’ எது என்பதற்கு இச்சட்டத்தில் வரையறை இல்லை. மருத்துவமனை, மருந்து, மருத்துவர், உணவு, இறந்தோர் பதிவு, தனிமைப்படுத்தப்பட்டவரின் வாழ்வாதாரம் ஆகிய எவையும் பேசப்படவில்லை. அரசு எதனைச் செய்யலாம் என்பது மட்டுமே இதில் உண்டு. எதனைச் செய்தே தீர வேண்டும் என்பது இல்லை.

இவ்வதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதற்குப் புனே நகரம் சான்று. படைவீரர்கள் வீடுகளுக்குள் நுழைந்து நோயாளிகளைத் தேடினர், உடைமைகள் எரிக்கப்பட்டன, பெண்கள் பொதுவிடத்தில் சோதிக்கப்பட்டமை பெருஞ்சினத்தை மூட்டியது. பிளேக் அலுவலர் ராண்டு 1897 ஜூன் 22 இரவில் சபேகர் உடன்பிறந்தாரால் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். இச்சூழலில் தம் இதழில் வெளிவந்த எழுத்துகளுக்காகத் திலகர் அரசத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றார். 1900இல் கான்பூரிலும் பிளேக் கலவரம் மூண்டது. இவற்றிலிருந்து அரசு கற்ற பாடம் கருதத்தக்கது. வன்முறையின்றி மருத்துவம் அளிப்பது எப்படி என்பதை அது கற்கவில்லை. மக்களின் உடலைத் தொடாமல் ஒதுங்கியிருப்பதே ஆட்சிக்கு நலம் என்பதையே கற்றது. கடுமையும் ஒதுக்கமும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், கடமை சுமத்தாத ஒரே சட்டத்திலிருந்து பிறந்த இரு நடைமுறைகளே அவை.

தலைநகரும் மலைநகரும்

1911 டிசம்பர் 12ஆம் நாள் நடந்த தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1912 அக்டோபரில் தில்லி, பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்டுத் தலைமை ஆணையரின் ஆளுகைக்குட்பட்ட தனி மாகாணமாயிற்று. 1911ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.3 லட்சம். புதுதில்லி அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த நகரம். 1931இல்தான் அது முறைப்படி திறக்கப்பட்டது. மதிற்சூழ்ந்த பழைய நகரில் நெரிசலும் வடிகாலின்மையும் நிலவின. தூய ஸ்டீபன் மருத்துவமனை, 1916இல் திறக்கப்பெற்ற லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி போன்ற சில நிறுவனங்களே மேலை மருத்துவத்தின் இருப்பிடங்களாக விளங்கின. இவ்விரண்டும் பெண்களின் மருத்துவத்தை முதன்மையாகக் கருதித் தோன்றியவை.

தலைநகர் என்னும் பெயர் தில்லிக்கு ஆண்டின் ஒரு பகுதிக்கே பொருந்தியது. கோடை தொடங்கியதும் தலைமை ஆளுநரும் அவையும் அலுவலகங்களும் சிம்லாவுக்குச் சென்றுவிடும். 1918 செப்டம்பரில் பேரரசுச் சட்ட அவை சிம்லாவில் கூடி அரசியல் சீர்திருத்தம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த வேளையில்தான் நோயின் இரண்டாம் அலை பம்பாயிலிருந்து புறப்பட்டது.

அன்றைய ஆட்சியமைப்பில் சுகாதாரம் தனித்துறையன்று. 1910இல் அமைக்கப்பட்ட கல்வித்துறையின் பொறுப்பிலேயே அது இருந்தது. 1915 முதல் 1919 வரை அத்துறையின் உறுப்பினராக இருந்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் செ. சங்கரன் நாயர். தலைமை ஆளுநரின் நிருவாக அவையில் அன்று இருந்த ஒரே இந்தியரின் கையில் சுகாதாரம் இருந்தது என்பதைப் பெருமையாகக் கொள்வதற்கில்லை. நிதியும் படையும் உள்நாட்டு நிருவாகமும் பிறர் கையில் இருக்க, ஆட்சியாளர் இலேசாகக் கருதிய துறைகளே இந்தியருக்கு ஒதுக்கப்பட்டன. அத்துறைக்கு அறிவுரை வழங்கும் அலுவலராக இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் பணியாற்றினார். அவருக்கு ஆணையிடும் அதிகாரம் குறைவு; கீழே பணியாளர் அதனினும் குறைவு. முதல் உலகப் போரின்பொருட்டு இந்திய மருத்துவப் பணியின் அலுவலரில் பெரும்பகுதியினர் படைப்பணிக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

நோயும் அரசின் செயற்பாடும்

1918 மே இறுதியில் படைவீரரை ஏற்றிய கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தது. ஜூன் 10ஆம் நாள் துறைமுகக் காவலில் இருந்த ஏழு காவலர்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் அலை பரவலாகவும் மென்மையாகவும் கடந்தது. செப்டம்பரில் தோன்றிய இரண்டாம் அலையோ நுரையீரலைத் தாக்கிக் கொன்றது. அக்டோபர் 6ஆம் நாள் பம்பாய் நகரில் மட்டும் 768 பேர் இறந்தனர். புகைவண்டித் தடங்களின் வழியே நோய் வடக்கே ஏறியது. பல தடங்கள் கூடும் சந்திப்பாகிய தில்லி அதற்குத் தப்பவில்லை. பம்பாய், மத்திய மாகாணங்கள், பஞ்சாபு ஆகியவற்றோடு தில்லியும் மிகுதியான இறப்பு வீதத்தைக் கண்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. தவச விலை ஏறியிருந்தது. பசியால் மெலிந்த உடலை நோய் எளிதில் வீழ்த்தியது. 20 முதல் 40 வயதுக்குட்பட்டோர் மிகுதியாக இறந்தனர். ஆடவரினும் பெண்டிர் மிகுதியாக இறந்தனர். நோயுற்றோரைப் பேணும் கடமையும், குறைந்த உணவும், காற்றோட்டமற்ற இருப்பிடமும் பெண்டிரின் இறப்புக்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. சாதியும் வாழிடமும் இறப்பைத் தீர்மானித்தமைக்குப் பம்பாய் நகரின் புள்ளிவிவரம் வலுவான சான்றாகும். அங்கு ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேரும், சாதி இந்துக்களில் 18.9 பேரும், ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என அன்றைய பதிவேடு குறித்தோரில் 61.6 பேரும் இறந்தனர்.

இந்நிலையில் அரசு செய்தவை யாவை? வட்டார மொழிகளில் துண்டறிக்கைகள் வெளியிடப்பட்டன. திறந்தவெளியில் உறங்குமாறும், கூட்டத்தைத் தவிர்க்குமாறும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலால் வாய் கொப்பளிக்குமாறும் மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. பல இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. நோய்க்குக் காரணம் பைஃபர் கண்டறிந்த நுண்ணுயிரி என்ற கருத்து அன்று நிலவியது. மனித இன்புளூயன்சாவின் நச்சுயிரி 1933இல்தான் பிரித்தறியப்பட்டது. ஆகவே அன்றைய மருத்துவ அறிவின் எல்லையை மறந்து அரசைக் குறைகூறுதல் வரலாற்று நேர்மையாகாது. எந்த நாட்டு அரசாலும் அந்நோயைத் தடுத்து நிறுத்த இயலவில்லை. ஆயினும் நோயைத் தடுக்க இயலாமை வேறு. நோயுற்றவருக்கு நீரும் கஞ்சியும் போர்வையும் தர ஆளில்லாமை வேறு. இரண்டாவதற்கு அறிவியலின் வளர்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் தன்னார்வலர்களே. சமூக அமைப்புகளும் மாணவர்களும் சாதிச் சங்கங்களும் மருந்தும் பாலும் வழங்கினர், பிணங்களை அகற்றினர். வசதிபடைத்தோரும் கற்றோரும் ஏழைகளுக்கு உதவ இவ்வளவு பெரிய அளவில் முன்வந்தமையை அரசின் சுகாதார அறிக்கையே பாராட்டுகிறது. அப்பாராட்டு, அரசு அங்கு இல்லை என்பதற்கான ஒப்புதலாகவும் அமைந்துவிட்டது. அண்டையிலிருந்த பஞ்சாபின் சுகாதார அறிக்கை, மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததையும் இடுகாடும் சுடுகாடும் பிணங்களைத் தாங்காமற் போனதையும் மறைக்காது பதிவு செய்துள்ளது.

தில்லியின் துயரை அரசுக் கோப்புகளினும் தெளிவாக இலக்கியம் காட்டுகிறது. அகமது அலி ஆங்கிலத்தில் எழுதி 1940இல் வெளியான தில்லி பற்றிய புதினத்தில், குழிவெட்டுவோர் கூலியை உயர்த்துவதும் பிணத்துணி திருடப்படுவதும் இடம்பெறுகின்றன. இந்திக் கவிஞர் நிராலா தம் மனைவியையும் உறவினர் பலரையும் இந்நோய்க்கு இழந்தார். கங்கை பிணங்களால் நிறைந்திருந்ததைத் தம் உரைநடையில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். காந்தியடிகளும் இந்நோயால் தாக்குண்டார் எனப் பலர் எழுதிவருகின்றனர். 1918 ஆகஸ்டில் அவரை வருத்தியது சீதபேதியே என்பது அவரது தன்வரலாற்றால் பெறப்படுகிறது. ஆனால் அவருடைய மூத்த மருமகள் குலாப் அவ்வாண்டின் காய்ச்சலுக்கு இரையானார்.

தில்லியில் யுனானி மருத்துவர்களின் இடம் தனித்துக் கூறத்தக்கது. மக்கள் நோயுற்றபோது முதலில் நாடியது ஹக்கீம்களையும் வைத்தியர்களையுமே. 1912இல் பம்பாயிலும் 1914இல் சென்னையிலும் இயற்றப்பட்ட மருத்துவர் பதிவுச் சட்டங்கள் நாட்டு மருத்துவர்களை ஏற்பிற்கு வெளியே நிறுத்தின. இப்போக்கை எதிர்த்து ஹக்கீம் அஜ்மல் கான் 1910 முதலே ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களை ஓரணியில் திரட்டி வந்தார். தில்லியில் அவர் எழுப்பிய திப்பியாக் கல்லூரிக்கு 1916இல் அடிக்கல் நாட்டியவர் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு. 1921இல் அதைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். தன் மருத்துவரைப் போருக்கு அனுப்பிவிட்ட அரசு, மக்களிடம் எஞ்சியிருந்த மருத்துவரைத் தன் திட்டத்திற்குள் முறையாகச் சேர்க்கவும் இல்லை. 1918 டிசம்பரில் மதன் மோகன் மாளவியா தலைமையில் தில்லியில் கூடிய காங்கிரசு மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவராகவும் அஜ்மல் கானே விளங்கினார். மருத்துவத் தளத்திலும் அரசியல் தளத்திலும் மக்கள் நம்பிய மனிதர் ஒருவரே என்பது தற்செயலன்று.

இத்தகைய இழப்புக்குப் பின் கூடிய சட்ட அவை எதனை முதற்பணியாகக் கொண்டது என்பதும் நோக்கத்தக்கது. 1919 பிப்ரவரியில் தில்லியில் முன்வைக்கப்பட்டது ரௌலட் மசோதா. மார்ச்சில் அது சட்டமாயிற்று. மார்ச்சு 30 அன்று தில்லியில் கடையடைப்பின்போது துப்பாக்கிச்சூடு நடந்தது. கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி மருத்துவக் கடமையைச் சேர்க்கும் முயற்சி எதுவும் மேற்கொள்ளப்படவில்லை. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பொதுச் சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களுக்கு மாற்றியது. போதிய வருவாயின்றிப் பொறுப்பு மட்டும் மாற்றப்பட்டது. தில்லியோ அமைச்சரவை இல்லாத மாகாணம். ஆகவே அம்மாற்றத்தின் சிறுபயனும் அதற்குக் கிட்டவில்லை.

இறந்தோர் கணக்கு

ஒயிட்டின் முதனிலை அறிக்கை 1919இல் சிம்லாவில் அச்சாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் இறந்தனர் என்பது அவரது மதிப்பீடு. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதனை 1 கோடியே 20 லட்சத்திற்கும் மேலாக உயர்த்தியது. பிற்கால ஆய்வாளரான கிங்சிலி டேவிசு, மில்சு ஆகியோர் 1 கோடியே 70 லட்சத்திற்கும் மேற்பட்ட எண்களைத் தந்தனர். 2012இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் என்கிறது. இன்றைய இந்திய எல்லைக்குள் கணக்கிட்டால், 1911-1921 ஆகிய பத்தாண்டில் மட்டுமே மக்கள்தொகை குறைந்தது.

எண்கள் இவ்வாறு மாறுபடுவதற்குக் காரணம் உண்டு. வட இந்தியச் சிற்றூர்களில் இறப்பைத் தெரிவிப்பவர் சௌகிதார். சென்னை மாகாணத்தில் கிராம முன்சீபு. எழுத்தறிவு குறைந்த அவ்வூழியர் பெரும்பாலான இறப்புகளைக் ‘காய்ச்சல்’ என்ற ஒரே தலைப்பில் பதிவர். கொள்ளைநோய்க் காலத்தில் அவர்களும் நோயுற்றனர்; பலர் இறந்தனர். பதிவேடு எழுத ஆளில்லாத ஊர்களே மிகுதியாக இழந்த ஊர்கள் ஆதலின், இழப்பு மிகுந்த இடத்திலேயே கணக்கு மிகக் குறைவாயிற்று. ஆகவே முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் காட்டிலும் மிகுந்த இறப்புகளைக் கணக்கிடும் முறையை ஒயிட்டே கையாள வேண்டியதாயிற்று.

சென்னையின் மாற்று வழி

கடமையைச் சுமத்தும் சுகாதாரச் சட்டம் இந்நாட்டில் இயலாத ஒன்றன்று. 1937இல் அமைந்த இராசாசி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துறையை ஏற்றவர் மருத்துவரான தி. சே. சௌ. ராஜன். அவ்வமைச்சரவைக் காலத்தில் உருவான 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், நகராட்சிகள் சுகாதார அலுவலரை அமர்த்துதல், குடிநீர், வடிகால், தொற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றைக் கவனித்தல், வருவாயில் ஒரு பங்கைச் சுகாதாரத்திற்கென ஒதுக்குதல் எனக் கடமைகளை வகுத்தது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய முழுமையான சட்டம் கண்டது சென்னையே முதன்மையானது. மருத்துவப் பணியாளரினின்றும் வேறுபட்ட பொதுச் சுகாதாரப் பணியாளர் பிரிவு தமிழகத்தில் நிலைபெற்றமைக்கு இச்சட்டமும் ஒரு காரணம். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை நாடு முழுமைக்கும் அடிப்படைச் சுகாதார அமைப்பைப் பரிந்துரைத்தது, அக்குழுவில் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். ஆயினும் அகில இந்திய அளவில் 1897ஆம் ஆண்டுச் சட்டமே தொடர்ந்தது. அரசமைப்பு பொதுச் சுகாதாரத்தை மாநிலப் பட்டியலிலும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றிற்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பதைப் பொதுப் பட்டியலிலும் வைத்தது.

சென்னைச் சட்டத்தையும் மிகைப்படுத்தல் ஆகாது. 2020 மார்ச்சில் தமிழக அரசு வகுத்த விதிகள் இரு சட்டங்களையும் சான்றாகக் கொண்டன. அவ்வாண்டு செப்டம்பரில் 1939ஆம் ஆண்டுச் சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தம், முகக்கவசம் அணியாதோரிடம் உடனடி அபராதம் வாங்குவதற்கானதாக இருந்தது. கடமைச் சட்டமும் நெருக்கடியில் தண்டனைச் சட்டத்தின் சாயலைப் பெற்றது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் தில்லி

தில்லி அரசு 2020 மார்ச்சு 12இல் கொள்ளைநோய்ச் சட்டத்தின்கீழ் விதிகளை வெளியிட்டது. மார்ச்சு 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடுதழுவிய ஊரடங்கு நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பயன்பட்டது. நான்கு நாள்களுக்குப்பின் தில்லி ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர் குவிந்தனர். அவர்களுக்கான தனித்தொடர்வண்டிகள் மே முதல் நாளே இயங்கத் தொடங்கின. நடமாட்டத்தை நிறுத்தும் அதிகாரம் நான்கு மணி நேரத்தில் செயற்பட்டது. நிறுத்தப்பட்டவரை ஊர் சேர்க்கும் ஏற்பாட்டிற்கு ஐந்து வாரங்கள் தேவைப்பட்டன.

ஏப்ரல் 22ஆம் நாள் அவசரச் சட்டத்தின் வாயிலாகக் கொள்ளைநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரையும், கொடுங்காயம் விளைப்போருக்கு 7 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை வகுக்கப்பட்டது. இது தேவையான பாதுகாப்பே. எனினும் நூற்றாண்டு கடந்து செய்யப்பட்ட அத்திருத்தமும் குடிமக்களின் குற்றத்தையே வரையறுத்தது. அரசின் பொறுப்பு அதிலும் எழுதப்படவில்லை.

அவ்வின்மையின் விளைவு 2021 ஏப்ரல், மே மாதங்களில் புலப்பட்டது. உயிர்வளித் தட்டுப்பாட்டால் தில்லி மருத்துவமனைகள் உயர்நீதிமன்றத்தை நாடின. மே முதல் வாரத்தில் உச்சநீதிமன்றம் தில்லிக்கு நாள்தோறும் 700 மெட்ரிக் டன் உயிர்வளி வழங்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. கொள்ளைநோய்ச் சட்டத்தில் கிடைக்காத கடமையை நீதிமன்றங்கள் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையிலிருந்து பெற வேண்டியிருந்தது. 1918ஐப் போன்றே, இடைப்பட்ட நாள்களில் உயிர்வளி உருளையையும் படுக்கையையும் தேடித் தந்தோர் குருத்துவாராக்களும் தன்னார்வலரும் ஆவர். ஒரு வேறுபாட்டையும் கூற வேண்டும்: 2021 சனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசிப் பணி, காலனிய அரசு ஒருபோதும் மேற்கொண்டிராத அளவினது.

இறந்தோர் கணக்கும் மீண்டும் வழக்காயிற்று. 2021 இறுதிவரை இந்தியாவில் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர் கோவிட்டால் இறந்தனர் என்பது அரசுக் கணக்கு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட மிகை இறப்புகள் 47 லட்சம் என உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. கணக்கிட்ட முறை பொருந்தாது என இந்திய அரசு மறுத்தது. 2025 மே மாதம் வெளியான பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கையின்படி, 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021இல் 1 கோடியே 2 லட்சமாயின. ஒயிட் கையாண்ட மிகை இறப்பு முறையே இவ்விவாதத்திலும் அடிப்படையாக நின்றது.

2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286ஆம் அறிக்கையில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்து, அதனை விரிவாகத் திருத்தவோ புதிய சட்டம் இயற்றவோ வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நடுவண், மாநில, உள்ளாட்சி அமைப்புகளுக்கிடையே அதிகாரம் தெளிவாகப் பகுக்கப்பட வேண்டும் என்பதும், கொள்ளைநோய்த் திட்டம் ஒன்று முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். அவ்வறிக்கை தில்லியில் அளிக்கப்பட்ட நாளிலும் 188ஆம் பிரிவைச் சுட்டும் பழைய மூன்றாம் பிரிவும், அலுவலருக்குக் காப்பளிக்கும் நான்காம் பிரிவும் சட்டநூலில் நீடித்தன.